கடலும் கடனும்

அண்மையில் ஒரு நாள், பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நம் மேசையருகே வந்து நின்றான். கண்டி நகருக்கு அப்பால், தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து நாள்தோறும் நடந்து வந்து படிக்கும் பிள்ளை அவன். ‘ஸ்டேட்லெஸ்’ என்னும் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரைத் தன் அண்ணனின் கைபேசியில் பார்த்திருந்தான். “அந்தக் கூரை மேல நிக்கிற ரெண்டு தமிழாளுங்களும் எந்த ஊரு, சேர்?” என்று கேட்டான்.

நாமும் அத்தொடரைப் பார்த்திருந்தோம். ஆயினும், அவனுக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. அவர்கள் எந்த ஊரினர் என்பதை நாம் மறந்துவிட்டோம் என்பதன்று காரணம். அக்கேள்வி நம் உள்ளத்தில் எழவேயில்லை என்பதுதான் காரணம். கதை நடத்துவோர் காட்டிய வழியிலேயே நம் கண்ணும் சென்றிருக்கிறது. ஒரு மாணவனின் கேள்வி நம் பார்வையின் குறையை நமக்கு உணர்த்திற்று. அக்குறை நம்முடையது மட்டுமா, அன்றி இன்று கடல்கடந்து செல்லும் ஏழைகளைப் பற்றித் திரையில் எழும் கதைகள் அனைத்துக்கும் பொதுவானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஸ்டேட்லெஸ்’ ஆறு பகுதிகளைக் கொண்டது. கேட் பிளான்செட், டோனி அயர்ஸ், எலிஸ் மெக்கிரடி ஆகிய மூவரும் இணைந்து உருவாக்கியது. 2020ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஒளிபரப்பாகி, பின்னர் நெட்ஃபிளிக்ஸ் வாயிலாக உலகெங்கும் சென்றது. பாலைநிலத்தின் நடுவே முள்வேலிக்குள் அமைந்த குடிவரவுத் தடுப்புமுகாம் ஒன்றே அதன் களம். நால்வர் வாழ்க்கை அங்கே வந்து பின்னுகிறது. மனநிலை குலைந்து, தன் பெயரையே மறைத்துக்கொண்டு, தவறுதலாக அடைக்கப்படும் சோஃபி என்னும் வெள்ளைப் பெண். மனைவியையும் மகள்களையும் தேடி அலைக்கழியும் அமீர் என்னும் ஆப்கானியர். காவலனாக வேலைக்குச் சேரும் கேம் என்னும் உள்ளூர் இளைஞன். முகாமைச் சீர்செய்ய மேலிடத்திலிருந்து அனுப்பப்படும் கிளேர் என்னும் பெண் அதிகாரி.

சோஃபியின் கதைக்கு ஆதாரமான உண்மை நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஜெர்மனியிற் பிறந்து, அவுஸ்திரேலியாவில் சட்டப்படி வாழ்ந்துவந்த கோர்னேலியா ராவ் என்னும் பெண்ணை, அந்நாட்டு அதிகாரிகள் சட்டவிரோதக் குடியேறி எனக் கருதி, 2004, 2005ஆம் ஆண்டுகளில் பத்து மாத காலம் சிறையிலும் தடுப்புமுகாமிலும் அடைத்து வைத்தனர். செய்தி வெளியானதும் நாடே அதிர்ந்தது. அரசாங்கம் விசாரணை நடத்திற்று.

இத்தொடரின் சிறப்பை முதலிற் கூறிவிடல் நேர்மையாகும். காவலன் கேமின் பாத்திரம் மெச்சத்தக்கது. அவன் பிறவியிலேயே கொடியவன் அல்லன். முன்னைய வேலையைவிடக் கூடுதற் சம்பளம் கிடைக்கிறது, வீட்டுக்கு வசதி சேர்கிறது, மனைவி மகிழ்கிறாள். அச்சம்பளத்தின் விலையாக நாளுக்கு நாள் அவனுடைய மனிதத்தன்மை கழன்று போகிறது. தடுப்புமுகாம் என்பது தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழில் என்பதையும், கொடுமை அங்கே ஒரு தொழிலாளியின் கூலிவேலையாக மாறிவிடுகிறது என்பதையும் தொடர் தெளிவாகக் காட்டுகிறது. தனிமனிதனைப் பழித்துவிட்டு அமைப்பைத் தப்பவிடும் மலிவான கதைகளின் நடுவே இது பெரும் பேறு எனலாம்.

ஆனால் கவனியுங்கள். காவலனுக்கு வீடு உண்டு, சம்பளம் உண்டு, வரவு செலவு உண்டு. பெண் அதிகாரிக்குப் பதவி உயர்வின் கவலை உண்டு. சோஃபிக்குத் தாய் தந்தையரும் சகோதரியும் கடந்தகாலமும் உண்டு. கூரைமேல் ஏறி நின்று உலகத்தை நோக்கிக் குரலெழுப்பும் நம் தமிழர் இருவருக்கும் உள்ளது யாது? கூரை ஒன்றுதான். அவர்கள் அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம். செய்தியாளர்களுக்கு ஒரு படம். கதைக்கு ஒரு பின்னணி. எவரிடம் கடன்பட்டு, எந்த நகையை அடகு வைத்து, எந்தக் கரையில் ஏறி அங்கே வந்து சேர்ந்தனர் என்பது கதையின் பொருளாகவில்லை. அமீருக்குக் குடும்பம் உண்டு, துயரம் உண்டு. அவர் பாத்திரம் உயிருள்ளதுமாகும். ஆனாற்கூட, அவருடைய கதையும் பெரும்பாலும் ஓட்டத்திலும் படகிலும் முகாமிலுமே நடக்கிறது.

இத்தகைய அமைப்புக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுண்டு: தம்மையொத்த முகம் ஒன்றைக் கண்டால்தான் வெள்ளைப் பார்வையாளர் முள்வேலிக்குள் எட்டிப் பார்ப்பர் என்பதே அது. இந்நியாயம் உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாயின், அது தொடரைக் காட்டிலும் பார்வையாளரைப் பற்றியே அதிகம் கூறுகிறது. தவறுதலாக அடைக்கப்பட்ட ஒருத்திக்காக நெஞ்சு துடிக்கும்போது, ‘சரியாக’ அடைக்கப்பட்ட ஏனையோர் அங்கே இருப்பது இயல்பே என்னும் எண்ணம் ஓசைப்படாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது அன்றோ?

தொடரின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஸ்டேட்லெஸ்’ என்பதைத் தமிழில் ‘நாடற்றோர்’ எனலாம். ஏனைய தமிழருக்கு இது மொழிபெயர்ப்புச் சொல்லாக இருக்கக்கூடும். மலைநாட்டில் வாழும் நமக்கு இது பாட்டனாரின் அடையாளம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இம்மலைகளிற் பிறந்து, இம்மலைகளில் உழைத்து, இம்மண்ணிலேயே புதைக்கப்பட்டோரின் பிள்ளைகளை ஒரு கையெழுத்தில் நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டில், ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கு போடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என ஒத்திவைத்தனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நாடற்ற நிலை, நாம் அறிந்தவரை, வழிதவறிய ஒருத்திக்கு நேர்ந்த விபத்தன்று. மலிவான உழைப்பு தேவைப்பட்டபோது அழைத்து, உரிமை கேட்கும் நாள் வந்தபோது கணக்கிலிருந்து நீக்கும் ஒரு முறை அது.

இனி, இதே பொருளைப் பற்றிய வேறொரு நாடகத்தைப் பார்ப்போம். ‘த ஜேர்னி’ என்னும் தொலைக்காட்சிப் படம் 2016ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானிலும் பிற நாடுகளிலும் ஒளிபரப்பாயிற்று. அவுஸ்திரேலியாவை நோக்கிப் படகேறுவோர் கடலில் மாள்வதைக் காட்டும் படம். அதற்குப் பணம் தந்தவர் யார்? அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் குடிவரவுத் திணைக்களம். தந்த தொகை ஏறக்குறைய 60 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர். வராதீர்கள், வந்தால் மூழ்குவீர்கள் என்பதை நடிகரைக் கொண்டு சொல்வித்த அரசாங்க அறிவித்தல் அது. கலைஞரின் மனச்சாட்சியிலிருந்து பிறந்த ‘ஸ்டேட்லெஸ்’ஸையும், அதிகாரத்தின் கருவூலத்திலிருந்து பிறந்த ‘த ஜேர்னி’யையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. ஒன்று அழவைக்க எடுக்கப்பட்டது. மற்றொன்று அச்சுறுத்த எடுக்கப்பட்டது. ஆயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டும் கடலைக் காட்டுகின்றன, கடனைக் காட்டவில்லை.

கடல் அச்சம் தருவது, அழகானது, ஒளிப்பதிவுக்கு ஏற்றது. அங்கே தள்ளாடும் படகையும் கூக்குரலையும் எவரும் காட்டலாம். கடனோ ஒரு லயத்துக் காம்பராவில், மங்கிய விளக்கொளியில், ஒரு கொப்பியின் கோடுகளுக்கிடையே பிறப்பது. ஆனால், மனிதன் கடலில் இறங்குவதற்கு முன்பே மூழ்கத் தொடங்குவது அங்கேதான்.

மனித வியாபாரத்தைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை இவ்வகையில் நம் திரைக்கதைகளைக் காட்டிலும் கூர்மையானது. எல்லை கடத்துவது வேறு. சுரண்டுவதற்காக மனிதரைத் திரட்டி ஒப்படைப்பது வேறு என அது பிரித்துக் கூறுகிறது. பலாத்காரம், வஞ்சனை ஆகியவற்றோடு, ஒருவரின் நலிந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வதையும் அது குற்றத்தின் வழிகளுள் ஒன்றாக வைக்கிறது. இவ்வழிகள் கையாளப்பட்டவிடத்து, “அவரே சம்மதித்தார்” என்னும் வாதம் செல்லாது என்கிறது. நலிந்த நிலை என்பது என்ன? கண்டியில் வாழ்வோர் இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. தம் முன்னோர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாற் போதும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், கோப்பிக் காலத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வழியெங்கும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களைத் தின்றன. 1867ஆம் ஆண்டு கண்டிக்கருகே லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருமளவிற் பயிரிட்டதை நம் பாடநூல்கள் மறவாமற் கூறும். அத்தேயிலையைப் பறித்த கை எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தது என்பதை அவை அத்துணை விரிவாகக் கூறா.

கங்காணி ஊருக்குப் போனான். பஞ்சத்தில் வாடிய குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்தான். பழைய கடனைத் தீர்க்க, வழிச்செலவுக்கு, துணிமணிக்கு என்று கொடுத்த அம்முன்பணமே முதற் சங்கிலி. தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் வழிச்செலவும் அரிசிக் கணக்கும் அதனோடு சேர்ந்தன. இந்தக் கடனுக்கு ஒரு காகிதமும் இருந்தது. அதற்குப் பெயர் ‘துண்டு’. இக்கூட்டத்தார் பட்டுள்ள கடன் இவ்வளவு. அதைக் கட்டுபவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்பதே அத்துண்டின் பொருள். ஒரு துரை கடனைக் கட்டினார். மனிதர் இடம் மாறினர். மனிதனை விற்பதாக எவரும் சொல்லவில்லை, கடனைத்தான் மாற்றிக்கொண்டனர்! 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தது, துண்டை எழுதிய சிந்தனை ஒழிந்ததா?

இன்று நம் மலைநாட்டிலிருந்து குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோரைப் பாருங்கள். ஊரிலே சுற்றித் திரியும் உபமுகவர் வீட்டுக்கு வந்து, புறப்படுமுன்பே கையிற் பணம் கொடுக்கும் வழக்கம் ஒன்றுண்டு. அப்பணம் அடகுநகையை மீட்கவும், நுண்கடன் கம்பனிக்கு வாராவாரம் கட்டவேண்டிய பாக்கியை அடைக்கவும் போய்விடுகிறது. பின்னர் அங்கே வேலை தாளாமல், அடியுதை தாளாமல், அப்பெண் திரும்பிவர விரும்பினால், “வாங்கிய பணத்தை வைத்துவிட்டுப் போ” என்கின்றனர். முன்பணம், கணக்கு, கைமாற்று என அன்றைய துண்டின் ஒவ்வோர் எழுத்தும் இதில் உள்ளது. 2021ஆம் ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அதுவும் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர். அச்சம்பளத்துக்கும் அரிசி விலைக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் நின்றுகொண்டுதான் உபமுகவர் தம் கையை நீட்டுகிறார்.

மூதூர்ச் சிறுமி றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. வறுமைப்பட்ட குடும்பத்தின் பிள்ளை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி, 2005ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்கு அனுப்பினர். சென்ற சில வாரங்களுக்குள், பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவளுடைய தலை துண்டிக்கப்பட்டது. வாளை ஏந்திய கையை உலகம் கண்டது; கண்டித்தது. வயதைத் திருத்திய பேனாவை எத்தனை பேர் கண்டனர்?

நம் அனுபவம் ஒன்றையும் இங்கே கூறுதல் பொருந்தும். நம் மாணவி ஒருத்தியின் தந்தை விடுகைப் பத்திரம் கேட்டு ஒரு நாள் வந்தார். மனைவி குவைத்துக்குப் போகிறார். தம்பிமார் இருவரையும் பார்த்துக்கொள்ள மகள் வீட்டில் நிற்கவேண்டும் என்றார். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. நாம் இயன்றவரை எடுத்துரைத்தோம். அவர் நம் முகத்தைப் பாராமல், “காசு வாங்கியாச்சு சேர். இனி ஒன்னும் செய்ய ஏலாது” என்றார். அந்த வீட்டில் அன்று எவரும் எவரையும் கடத்தவில்லை; கதவை உடைக்கவில்லை; கத்தியைக் காட்டவில்லை. எல்லாம் சம்மதத்தோடுதான் நடந்தது. அந்தச் சம்மதத்தின் விலைதான் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது.

படகேறும் ஆடவரின் கதையும் இதன் மறுபக்கமே. இங்கே முகவர் பணம் கொடுப்பதில்லை, வாங்குகிறார். காணியும் தாலியும் வட்டிக்கடையும் அந்தப் பணத்தைத் தருகின்றன. நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டின் நவம்பரில், வியட்நாமுக்கு அப்பாற்பட்ட கடலில் பழுதடைந்து தத்தளித்த கப்பலிலிருந்து 303 இலங்கையரை ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்டது. அவர்கள் கரைசேர்ந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. கடன்பட்டுப் புறப்பட்டவன் வெறுங்கையோடு ஊர் திரும்பினால் கரைசேர்ந்தவன் ஆவானா? கடல் விட்டாலும் கடன் விடுவதில்லை.

இந்நோக்கோடு பார்க்கையில், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ மேலும் ஓரடி முன்னே வைத்த படம் எனல் வேண்டும். 2015ஆம் ஆண்டு கான் விழாவின் உயர் விருதைப் பெற்ற இப்படம், கடலில் அன்றி ஈழத்து மண்ணில், போரின் முடிவில் தொடங்குகிறது. இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டுகளுக்கு, உயிரோடிருக்கும் மூவர் தேவைப்படுகின்றனர். யாழினி என்னும் பெண் அகதிமுகாமில் அலைந்து, தாய் தந்தையற்ற சிறுமி ஒருத்தியைத் தேடிப் பிடிக்கிறாள். முன்பின் அறியாத மூவர் கணவன், மனைவி, மகள் ஆகின்றனர். குடும்பம் என்னும் புனித உறவே பயணத்தின் முதலீடாக மாறும் இக்காட்சியில் மிகையான வசனம் இல்லை. கண்ணீர்ப் பெருக்கு இல்லை. நாயகனாக நடித்த ஷோபாசக்தி, தாமே அகதியாகப் பிரான்ஸ் சென்ற எழுத்தாளர். அவர் முகத்திலும் மொழியிலும் உள்ள உண்மை, பயிற்சியால் மட்டும் வருவதன்று. பாரிஸ் தெருவில், மினுங்கும் விளையாட்டுப் பொருள்களை விற்றுக்கொண்டு, காவலர் வருகிறாரா என்று அவர் திரும்பிப் பார்க்கும் காட்சி ஒன்று போதும்.

ஆனால், இத்துணை உண்மையாகத் தொடங்கிய படம் முடிவில் என்னாகிறது? நாயகன் மீண்டும் ஆயுதம் தூக்குகிறான். புகைக்கூட்டத்தின் ஊடே படியேறிக் கொல்கிறான். பின்னர் இங்கிலாந்திலே, பசும்புல் தோட்டத்தில், கைக்குழந்தையோடு இன்பமாக வாழ்கிறான்! துப்பாக்கி தீர்க்காத கேள்வியைப் புல்தரை தீர்த்துவிடுகிறது. கடனும் விசாவும் கூலியும் எங்கே போயின? பாத்திரங்களின் சிக்கலுக்குச் சமூகத்தில் விடை தேடாத கலைஞர், வேறு நாட்டில் விடை தேடுகிறார். இது கனவாகவும் இருக்கலாம் என்பர் சிலர். கனவாயின், அது அகதியின் கனவா, அவனைப் பற்றி நிம்மதியடைய விரும்பும் ஐரோப்பியரின் கனவா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

கடனை நேருக்கு நேர் பார்த்த படமாக நாம் அறிந்தது, 2013ஆம் ஆண்டு பாலா இயக்கி வெளிவந்த ‘பரதேசி’. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் 1969ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது அது. நாவலும் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாகத் தமிழில் உண்டு. இப்படத்தின் குறைகள் பல. துன்பத்தை அள்ளியள்ளிக் கொட்டும் இயக்குநரின் பழக்கம் இதிலும் உண்டு. கிறித்தவ மருத்துவரை ஆடிப்பாடும் கேலிச்சித்திரமாக்கியது கண்டிக்கத்தக்கது. ஆயினும், ஊரைத் தேடிவந்து கங்காணி ஆசை காட்டுவதும், ஆண்டுமுடிவில் கணக்குப் பார்க்கையில் உழைத்த கூலியெல்லாம் கழிவுகளிற் கரைந்து, கடன் மட்டும் எஞ்சுவதும் இதிற் காட்டப்படுகின்றன. இங்கே கடல் இல்லை; படகு இல்லை. ஒரு மேசையும் ஒரு பேரேடும் உள்ளன. நாம் பார்த்த படகுக் காட்சிகள் அனைத்தையும்விட அச்சம் தருவது அந்த மேசைதான்.

“கலை என்ன, கணக்குப் புத்தகமா?” என்று கேட்பாரும் உண்டு. கணக்கைக் காட்டினால் கலை குன்றிவிடும் என்பது அவர்தம் அச்சம். ‘ஸ்டேட்லெஸ்’ஸின் காவலனையே அவர்களுக்கு விடையாகக் காட்டுவோம். அவனுடைய சம்பளத்தைச் சொன்னதனால் அவன் பாத்திரம் குன்றவில்லை. அதனாலேதான் அவன் நம் நெஞ்சில் நிற்கிறான். காவலனுக்குச் செய்ததைக் கைதிக்கும் செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஆகவே, இப்பணியைப் பிறர் செய்வார் என்று நாம் காத்திருத்தல் ஆகாது. நம் எழுத்தாளரும் நாடகக்காரரும் ஆறு பகுதியில் ஒரு தொடர் எழுதட்டும். முதற் பகுதி லயத்தில் நடக்கட்டும். நுண்கடன் வசூலிப்பவர் வரும் நாளில் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வதைக் காட்டட்டும். இரண்டாவது, உபமுகவர் தேநீர் அருந்தும் காட்சி. அவரும் முன்னாளில் கடன்பட்டவராகவே இருத்தல் கூடும். மூன்றாவது, கண்டி நகரத்து முகவர் அலுவலகத்தின் நீண்ட வாங்கு. நான்காவது, கடவுச்சீட்டு. ஐந்தாம் பகுதியிற் கடல் வரட்டும்; அதற்குள் அக்கடலின் ஆழம் இன்னதெனப் பார்ப்போர் அறிந்திருப்பர். ஆறாவது பகுதி மீண்டும் லயத்துக்கே வரவேண்டும். ஏனெனில், பள்ளிக்கூடத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு வாங்கில்தான் இக்கதை முடிகிறது.

ஆசிரியராகிய நாமும் ஒன்று செய்யலாம். இத்தொடர்களையும் படங்களையும் பிள்ளைகள் பார்க்கத்தான் போகிறார்கள், தடுத்துப் பயனில்லை. பார்த்தவற்றை வகுப்பிற் பேசவைப்போம். யார் பணம் கொடுத்தார், எவ்வளவு வட்டி, யார் கையெழுத்திட்டார் என்று ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் கேட்கப் பழக்குவோம்.

அந்த மாணவனுக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை. “தொடர் எழுதியவர்கள் அதைச் சொல்லவில்லை, தம்பி” என்றுமட்டும் கூறினோம். அவன் சற்று யோசித்துவிட்டு, “அவங்க வீட்டுல இப்ப யாரு வட்டி கட்டுறாங்க, சேர்?” என்று கேட்டான்.